பிரேம் போடாத மடல்

பிரியாவிடைக்கு வாழ்த்துமடல் எழுதித் தரச்சொல்லி
சங்கச் செயலாளர் வீடுவரை வந்தார்.
"மக்கள் நலம் காத்த மாதரசி" என்று தொடங்கட்டாம்,
நாலு விருத்தம், தங்க எழுத்து, கண்ணாடி பிரேம்.
மாநகரசபையில் முப்பத்தொரு வருடம்
நுளம்புக் குடம்பி எண்ணியவன் நான்.
விருத்தம் வராது.
தெரிந்ததை எழுதுகிறேன்.

டொக்டர் ஸுஹைரா மர்ஜான்
பொரளைச் சிறுவர் ஆஸ்பத்திரியில்
காய்ச்சல் வார்ட்டில் இருந்தவர்.
செத்த ஒரு பிள்ளையைப் பார்த்து மனம் மாறினார் என்று
பேப்பரில் ஒருமுறை போட்டார்கள்.
மிஸ் சிரித்தார்:
"பிள்ளைகள் அதற்கு முதலும் செத்தார்கள்.
நான் இரவுச் சாப்பாட்டை முடித்துவிட்டுத்தான் படுத்தேன்."

மாற்றியது ஒரு விலாசம்.
கட்டில் டிக்கட்டுகளில் ஒரே கிழமையில் மூன்று தரம்,
மூன்று தகப்பன் பெயர்களுக்குக் கீழே
வனாத்தமுல்லையில் ஒரே தோட்டம்:
ஒன்பதாம் வீடு, பதினோராம் வீடு, பதினாலு.
டியூட்டி முடிந்து,
ஸ்டெதஸ்கோப்பைக் கைப்பைக்குள் சுருட்டிக்கொண்டு
நடந்தே போனாராம்.
ஒன்பதாம் வீட்டுக்காரி பிளேன்டீ கொடுத்தாள்,
கடனுக்குச் சீனி வாங்கி.
கூரைப் பீலியை யாரும் ஏறிப் பார்த்ததில்லை.
மிஸ் ஏறினார்.

உம்மா ஆறு மாதம் பேசவில்லை.
"சிரட்டை கவிழ்க்கவா உன்னைப் படிப்பித்தோம்?"
கூடப் படித்தவர்கள் பின்னேரங்களில்
ஏசி அறையில் நோயாளி பார்க்கையில்
இவர் கிராண்ட்பாஸில்
டயர்க்கடைக்காரனோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பார்.
டயருக்குள் டோர்ச் அடித்து,
"இந்தா நெளியுது, பார்" என்பார்,
மீன்குஞ்சு வாங்கிவந்த சிறுமிபோல.

பிறகு அந்த இருபத்தெட்டு மாடி.
கொள்ளுப்பிட்டியில், கட்டி முடியாதது,
லிஃப்ட் குழியில் முழங்காலளவு தண்ணீர்.
கரண்டியை இறக்கியவன் நான்.
வழக்குப் போட்டவர் மிஸ்.
வெள்ளிக்கிழமை மேலிடத்திலிருந்து போன்,
திங்கட்கிழமை இடமாற்றக் கடிதம்.
ஃபேன் சுற்றாத ஓர் அறை, உடைந்த அலுமாரி,
வாசலில் 'பயிற்சிப் பிரிவு' என்று பலகை.
பயிற்சிக்கு ஒருவரும் வரவில்லை.
இரண்டு வருடம் அங்கே இருந்து
கொழும்பை ஒழுங்கை ஒழுங்கையாகக் கீறி
தையல்கடைக் குண்டூசி குத்தினார்.
ஆஸ்பத்திரி விறாந்தையில்
பிள்ளைகளைப் பாயில் கிடத்திய வருடம்,
அனுப்பியவர்களே படியேறி வந்தார்கள்
அந்தப் படத்தைத் தேடி.
மிஸ்ஸுக்குப் பெரிய கதிரை வந்தது அப்படித்தான்.

கோபக்காரி. அதை எழுதாவிட்டால் பொய்.
துப்புரவுத் தொழிலாளி லெச்சுமியை
எல்லோர் முன்னாலும் அழவைத்தார்.
மன்னிப்புக் கேட்கவில்லை;
மறுநாள் அவள் பக்கத்தில் கானுக்குள் இறங்கி நின்றார்.
ஒரு தரம் பிழையும் விட்டார்.
ஆள் காணாது,
மட்டக்குளியைப் பிறகு பார்ப்போம் என்றார்.
அந்தப் 'பிறகு'வுக்குள் நாலு பிள்ளைகள்.
நாலு பெயரும் மேசைக் கண்ணாடிக்கு அடியில் இருந்தன,
மந்திரி வந்த நாளிலும் எடுக்கவில்லை.

போன மாதம் வெள்ளவத்தை முறை.
மூன்றாம் மாடியில் மிஸ்ஸின் வீடு.
மணிபிளான்ட் வைத்த போத்தலில்
எனக்குத்தான் முதலில் தெரிந்தது.
காணாதவன்போல் திரும்பினேன்.
"நில்" என்றார்.
கண்ணாடி போட்டுக்கொண்டு வந்தார்.
"எண்ணு."
ஏழு.
"எழுது."
பெயர் எழுதினேன், விலாசம் எழுதினேன்.
தொழில் என்ற கட்டத்தில் பேனை நின்றது.
"வீட்டுக்காரி என்று போடு,
டொக்டர் என்றால் தள்ளுபடி கேட்கிற மாதிரி இருக்கும்."

புதுக்கடைக் கோர்ட்டில்
டயர்க்கடைக்காரர்களுக்கு நடுவே வரிசையில் நின்றார்.
தண்டப்பணம் வாங்குகிற பிள்ளைக்கு
இருபத்திரண்டு வயதிருக்கும்.
ஸுஹைராவைச் சுகைரா என்று எழுதினாள்,
மிச்சக் காசை எண்ணி வைத்தாள்,
தலை நிமிர்த்தாமல் சொன்னாள்:

அடுத்த ஆள்.